பச்சைவெள்ளம்

கருங்கலில் மூன்று நாளாய் மழை.
கீசரில் விளக்கு எரியவில்லை.
அதே பிளக்கில் இஸ்திரிப்பெட்டி சுட்டது,
ஆக, கரண்டைக் குறை சொல்ல முடியாது.

மஸ்கட்டில் ஓர் ஓட்டலின் பாய்லர் அறையிலிருந்து
டென்னிசன் வீடியோவில் வந்தார்.
நானூறு அறைக்குச் சுடுவெள்ளம் விடுகிற ஆள்.
"மெயினை அணைச்சியா? சத்தியமா அணைச்சியா?"
அணைத்தேன். ஸ்டூலில் ஏறினேன்.
நான்கு திருகாணி; அதில் ஒன்று
தேங்காயெண்ணெய் விட்டபிறகே இளகியது.
"உள்ளே சின்னதா ஒரு சிவப்புப் பொத்தான் கிடக்கும், பாரு."
கிடந்தது. துருத்திக்கொண்டு,
பிணங்கிய பிள்ளையின் உதடு மாதிரி.
அழுத்தினேன்.
டிக்.

மூடியை மாட்டி மெயினைப் போட்டேன்.
"இனி இருபது நிமிஷம்" என்றார்.
போனை சோப்புத் தட்டில் சாய்த்துவைத்தேன்.
சீட்டுப் பணம், பள்ளிக்கூட பீஸ், கார்ஷெட் ஒழுக்கு
ஒன்றும் பேசவில்லை.
அங்கே அவருடைய மோட்டார் இரைந்தது,
இங்கே தகரத்தில் மழை.

குழாயைத் திறந்து கை நீட்டினேன்.
விரல் சிவந்துவிட்டது.

"என்னட்டி, சூடாச்சா?"

"இல்ல, பச்சைவெள்ளம்தான்.
வச்சிராதீங்க,
இன்னும் கொஞ்சம் பாப்போம்."