செவ்வாய்க்கிழமை எண்ணூறுகள்

பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று வந்தால்
நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.
விடிவதற்கு முன்னால் அங்கே
என்னைத் தவிர
தூண்டிலோடு இரண்டு பேர்,
அப்புறம் வெங் கியாட்.

அவன் கடிகாரம் கட்டுவதில்லை.
நெற்றிப்பொட்டைத் தட்டி
"எல்லாம் இங்கேதான் லா" என்பான்.
எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சாங்கியில் சரக்கு எடை பார்க்கிறவள்.
அரைக் கிலோ கூடினாலும்
பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவள்.
என் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
பதினெட்டு வாரங்கள் ஒட்டியிருக்கின்றன:
செவ்வாய், எண்ணூறு மீட்டர், எட்டு முறை.
வியாழன், பேசிக்கொண்டே ஓடும் வேகம்.
ஞாயிறு, நீளம்.
வெள்ளிக்கு 'ஓய்வு' என்று எழுதி
அதற்கும் ஒரு டிக் போட்டுவிடுவேன்.

தொடக்கப்பள்ளியில், தமிழ் வகுப்புச் சுவரில்
மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று
ரோஜா நிற அட்டை.
ஒரு முனை பெயர்ந்து
மின்விசிறிக் காற்றில் படபடக்கும்.
மனம் யாரிடம்தான் இல்லை, டீச்சர்?
மார்க்கத்தைச் சொல்லுங்கள்,
எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்,
நடுவில் எத்தனை வாய் தண்ணீர்
என்று கேட்கத் தோன்றும் வயதில்லை அது.

டிசம்பர்.
இருட்டிலேயே வியர்த்தது ஊர்.
முப்பது வரை என் அட்டவணை
தண்டவாளம் மாதிரிக் கிடந்தது,
அதன்மேல் போனேன்.
முப்பத்தைந்தில், கடலோரப் பாதையில்,
கால் வலிக்கவில்லை.
நாடி சரியாக இருந்தது.
கடிகாரம் ஒரு குறையும் சொல்லவில்லை.
நின்றுவிட்டேன்.

ஈரப் பஞ்சு நீட்டிய பையன்
"ஓகேவா ஆன்ட்டி?" என்றான்.
அதுதான் தெரியவில்லை என்றேனா,
பேசாமல் பஞ்சைத் தலையில் பிழிந்தேனா,
நினைவில்லை.
எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம்.
அதுவரை, என்றேன்.
அப்புறம் அடுத்த மரம் வரை.
செவ்வாய்க்கிழமைகளில், ஆறாவது எண்ணூறில்,
இப்படித்தான் என்னை நானே ஏமாற்றியிருக்கிறேன்.
அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

வெங் கியாட் எனக்கு எட்டு நிமிடம் முன்னால் முடித்து
வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும்
மறுபடி நெற்றியைத் தட்டினான்.
பதக்கத்தை அவன் மேல் எறியலாம் போலிருந்தது.

இரண்டு வாரம் கழித்து
கேலாங்கில், லிஃப்டே இல்லாத ஒரு கடைவீட்டில்,
தோளில் எரிவாயு சிலிண்டரோடு
நாலாவது மாடிக்கு
ஏறிக்கொண்டிருந்தான்.
பத்தொன்பது வருஷமாம்.
நாளைக்கு முப்பது, பண்டிகை வந்தால் ஐம்பது.
"இது வேலை, பயிற்சி இல்லையே" என்றான்,
உண்மையிலேயே புரியாமல்.
எடை பார்க்கிறவள் அல்லவா,
சிலிண்டரைக் கண்ணாலேயே நிறுத்தேன்.
இருபத்தைந்து கிலோ. குறையாது.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால்,
இரவு ஷிஃப்ட் முடிந்து
வீட்டுக்குப் போகாமல் இங்கே வருகிறாயே,
அது எந்தக் கட்டம்
என்று திருப்பிக் கேட்பான்.
தெரியாது என்பதை
எந்த அலகில் எழுதுவது?

இந்தச் செவ்வாய்,
கடைசி எண்ணூறின் நடுவே, வெளிச்சம் வந்த பிறகு,
பாதையை மறித்து ஓர் உடும்பு.
நாக்கை நீட்டிக் காற்றை ருசித்தபடி,
வாடகை கட்டி முடித்த மனிதரின் நடையில்.
இருவரும் நின்றோம்.
கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன்.
வால் முழுதும் புல்லுக்குள் போக
ஒரு நிமிடம் ஆனது.

வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன்:
ஐந்து நிமிடம், இருபது விநாடி.
உடும்பு.