விடுபட்ட எண்

பூலாம்பட்டித் துறையில் முதல் விசைப்படகு கிளம்புமுன்
நான் வயலில் இறங்கியிருக்க வேண்டும்.
வெயில் ஏறினால் பூச்சி இடம் மாறும்,
என் கண்ணும் பொய் சொல்லத் தொடங்கும்.

செவ்வாய்தோறும் நான்கு பேர் நிலம்,
ஆளுக்கு மூன்று பாத்தி, பாத்திக்குப் பத்துக் குத்து.
தூரைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டி
தண்ணீரில் விழுவதை எண்ணுவேன்.
புகையான்: எள்ளளவு உடம்பு,
சாற்றை உறிஞ்சியே ஒரு வயலைக் கொளுத்தும்.

ஒரு பாத்திக்கு நாள் பார்த்து மருந்து.
ஒன்றுக்கு எண்ணிப் பார்த்து மருந்து.
ஒன்றுக்கு எதுவும் இல்லை.
சீட்டுக் குலுக்கித்தான் போட்டோம்.
அர்த்தனாரியின் வாய்க்காலோரப் பாத்திக்கு,
குத்தகை நிலத்தில் இருப்பதிலேயே கொழுத்த மண்ணுக்கு,
'எதுவும் இல்லை' விழுந்தது.
எடுத்தது என் கை.

எங்கள் ஏட்டில் சிலந்திக்கு மதிப்பு உண்டு.
சிலந்தி இல்லாத குத்தில்
தூருக்கு ஒரு பூச்சி வந்தாலே மருந்தெடு.
ஒரே ஒரு சிலந்தி இருந்தால்
இரண்டு வரை பொறு.
எட்டுக் காலில் நிற்கும் அந்த இன்னொன்றை
நான் அவருக்குச் சொன்னேன்.
தலையாட்டினார்.
பக்கத்து வயலில் விசைத்தெளிப்பான் உறுமிக்கொண்டிருந்தது.

ஏழாம் வாரம், தூருக்கு ஒன்றே முக்கால்.
"ஏனுங் மேடம், இந்த நோட்டுல
எம்பட சோறு எந்தப் பத்தியிலீங் வருது?"
மகசூல் என்ற கடைசிப் பத்தியைக் காட்டினேன்.
"அது மூட்டைங்க" என்றார்.

எட்டாம் வாரம்
வரப்பேறுமுன்பே வாடை வந்தது.
ஓநாய்ச் சிலந்திகள் காலை மடக்கி மிதந்தன,
ஒன்றின் பின்னால் வெள்ளை முட்டைப்பை
அவிழாமலே.
பத்துக் குத்தையும் தட்டினேன். பூச்சி சுழியம்.
சுழியம் என்றே எழுதினேன்.
அர்த்தனாரி வாய்க்காலில் கை கழுவிக்கொண்டேயிருந்தார்.
பாவாயி டீ கொண்டுவந்தார்.
என்றைக்கும் இல்லாமல்
அன்று சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மருந்து தொடாத முட்டைகள்
இலையுறைக்குள் இருந்தன.
தின்ன ஆளில்லாத வயலில் அவை பொரிந்தன.
பத்தாம் வாரம் நடுப்பாத்தியில்
ஒரு பரிசல் அகலத்துக்கு வைக்கோல் நிறம்.
அடுத்த செவ்வாய் மூன்று பரிசல்.
அதற்கடுத்து
கரையே தெரியவில்லை.
ஒரு வரப்புத் தள்ளி, எண்ணிப் பார்த்த பாத்தி
பச்சையாகவே நின்றது; அதைப் பார்க்க
எனக்குத்தான் கூசியது.

"சிலந்தி எங்கீங் மேடம் கெடைக்கும்?"
கேலி இல்லை அந்தக் குரலில்.
துளைப்பானுக்கு ஒட்டுண்ணி அட்டை உண்டு,
கத்தரித்து, இலையடியில் குத்தி வைக்கலாம்.
சிலந்திக்கு அட்டை இல்லை.
பை நிறைய அட்டையோடு நின்றிருந்தேன்.

"அந்த ஒரு பாத்தியை விட்டுடும்மா,
விடுபட்ட எண்ணுக்குச் சூத்திரம் இருக்கே"
என்றார் வழிகாட்டி, தொலைபேசியில்.
இருக்கிறது.
மற்ற பதினொரு பாத்தியும் சேர்ந்து
இல்லாத பாத்திக்குச் சாட்சி சொல்லும்.
எடப்பாடிப் பேருந்தில் மடிமேல் வைத்துப் போட்டேன்:
ஏக்கர் கணக்கில் இருபத்தேழு மூட்டை.
அர்த்தனாரி தூற்றி அளந்தது
அதே கணக்கில் பதினொன்று.

விதி மீறினால் நஷ்டஈடு இல்லை என்று
படிவத்தின் அடியில் பொடி எழுத்து.
'காரணம்' என்ற கட்டத்தில்
மழை என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
அந்த மாதம் பூலாம்பட்டியில்
ஒரு சொட்டு விழவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.

பதினாறு மூட்டை நெல்
என் ஆய்வேட்டின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது.
ஈரம் இல்லை, பதர் இல்லை.
சில இரவுகளில் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்,
எலி ஏதும் வந்திருக்கிறதா என்று.