பதினேழாம் நம்பர் படிவம்

தாராவி தொண்ணூறடி ரோட்டைப் பார்த்து
மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
பேனர் ஏறுகிறது:
பத்தாம் வகுப்பு, 100 சதவீதம்.
ஏணியில் நின்று கயிறு கட்டுபவன் எசக்கிதுரை.

போன செப்டம்பரில்
அவனுக்கும் இன்னும் எட்டுப் பேருக்கும்
பதினேழாம் நம்பர் படிவம் நிரப்பியவன் நான்.
தாய்மொழி: தமிழ்.
தகப்பன்: தோல் பட்டறை.
சாதிச் சான்று: ஐம்பதுக்கு முந்தைய காகிதம் இல்லை.
அரையாண்டுக் கணக்கில் பதினொன்று என்பதற்கு
அதில் கட்டமே கிடையாது.
தனித்தேர்வர் என்று எழுதும்போது
பேனா திக்கவேயில்லை.

நாற்பத்தொன்றில் ஒன்பது போக
முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு.
வகுப்பில் நடத்தாத கழித்தல்.

"சார், நேரா இருக்கா?"
மேலிருந்து கேட்கிறான்.

இடது பக்கம் ஒரு சாண் இறங்கி
நூறின் கடைசிச் சுழி
மடிப்புக்குள் போயிருக்கிறது.

நேராத்தான் இருக்கு,
நீ இறங்கு என்றேன்.