எம்டன், ஐம்பதுக்கு ஒன்று

ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்
காதைத் திருகிச் சொன்னார்:
சரியான எம்டன்டா நீ.
அது ஒரு கப்பலின் பெயர் என்று தெரிய
எனக்கு முப்பது வயதானது.
கட்டத் தொடங்க இன்னும் பதினான்கு.

ராயபுரம், இரண்டாம் மாடி.
சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது
இரண்டு மீட்டர் முப்பத்தாறு சென்டிமீட்டர்.
மூக்கு ஃபிரிட்ஜை மறிக்கிறது.
பால் எடுக்க சுகிர்தா குனிந்து போகிறாள்.
"உன் கேப்டன் கிட்ட சொல்லு, எனக்கு முட்டி வலி."

ரெடிமேட் பெட்டியில் வந்ததல்ல இது.
மங்கிய வரைபடம் ஒன்று, புகைப்படம் நான்கு.
விலா எலும்புக்கு ப்ளைவுட்,
தோலுக்கு பால்சா, அதன்மேல் கண்ணாடி இழைத் துணி.
ரெசின் பூசிய அன்று
கேஸ் கசிகிறதென்று கீழ்வீட்டுக்காரர் கதவை இடித்தார்.
பீரங்கிக் குழல் பத்தும் பித்தளை ரீஃபில்கள்;
லிப்ட் கம்பெனிப் பதிவேட்டில்
நான் புகார் எழுதித் தீர்த்தவை.
புகைபோக்கி மூன்றும் பிவிசி,
கொதிநீரில் போட்டு முட்டை வடிவாக நெரித்தது.
எதிரியை ஏய்க்க அவர்கள் நட்டுவைத்த
நான்காவது பொய்ப் புகைபோக்கியும் வேண்டுமா என்று
ஒரு மாதம் யோசித்தேன்.
வேண்டாம்.
பொய்க்கும் பசை அதே அளவுதான் செலவாகும்.

உடம்பு கட்டப் பொறுமை போதும்.
ஒயரிங் வேறு ஜாதி.
சனிக்கிழமைதோறும் ரிச்சி தெரு:
அரிசிமணி அளவு எல்இடி, நூறாக விற்கும் ரெசிஸ்டர்,
சூடு பட்டால் சுருங்கும் கறுப்பு உறை.
ஐம்பத்தெட்டு ஒயர், எல்லாம் முடிக் கனம்.
ஒவ்வொன்றின் வாலிலும் காகித எண்.
மின்விசிறி போட்டால் எண் பறக்கும்,
போடாவிட்டால் மூக்கின் வியர்வை ஈயத்தில் சொட்டி
சுர்ரென்னும்.
லிப்டில் ஒயர் மாறினால்
கீழே போக வேண்டிய பெட்டி மேலே போகும்,
உள்ளே இருப்பவர் என்னைத் திட்டிப் போன் செய்வார்.
இதற்குள் யார் இருக்கிறார், போன் செய்ய?

சோதித்தேன். எல்லாம் எரிந்தன.
தேக்குச் சீவல்களை ஒவ்வொன்றாய் ஒட்டி
தளத்தை மூடி, வார்னிஷ் அடித்தேன்.

எட்டாம் நாள் இரவு
முனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
தெரு முழுக்க இருட்டு, கொசு, கைபேசி வெளிச்சம்.
சுவிட்சைப் போட்டேன்.
வட்ட ஜன்னல்கள் மஞ்சளாய் விழித்தன,
தேடுவிளக்கு திரும்பி
சுவரில் பல்லியைப் பிடித்தது.

அது வந்த ராத்திரி
ஊர்தான் விளக்கேற்றி வைத்துக்கொண்டு கிடந்ததாம்,
கப்பல் இருட்டாய் நின்றதாம்.
எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது
இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்.
கணக்கு தலைகீழாகிவிட்டதே என்று
கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

எதிர்ப் பால்கனியிலிருந்து கபிரியேல்,
துறைமுக இழுவைப் படகில் என்ஜின் பார்ப்பவர்,
லுங்கியை மடித்துக் கட்டியபடி குரல் கொடுத்தார்:
"யோவ், மூக்கு வடக்கே பாக்குது,
லைட்டு தெற்கே போறேங்குது.
போறியா வர்றியா?"

பார்த்தேன்.
இடப்பக்கம் பச்சை.
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சிவப்பு.
எரிகிறதா என்று மட்டும் சோதித்தவன் நான்.
எங்கே எரிகிறது என்று பார்க்கவில்லை.

"பெயின்ட்ல மறைச்சுடேன்" என்றாள் சுகிர்தா,
"யாருக்குத் தெரியப்போகுது?"
கபிரியேலுக்குத் தெரியும்.
இப்போது உனக்கும்.

அவளே டார்ச்சைப் பிடித்தாள்.
"எந்த நம்பர்?"
"நாற்பத்தொண்ணு, நாற்பத்திரண்டு.
கொடிமரத்துக்கு அடியில்."
அப்போது கரண்ட் வந்தது,
தெருவே ஓவென்று கத்தியது.
அவள் டார்ச்சை அணைக்கவில்லை.
காயாத வார்னிஷ் விரலில் ஒட்ட
முதல் சீவலின் ஓரத்தில்
பிளேடை வைத்தேன்.