அரைப்பேர்

வியாழக்கிழமை கிளினிக்.
டிக்கோயாப் பனி ஜன்னல் வழியே வந்து
நம்பர் எடுக்காமல் வாங்கில் உட்கார்ந்திருக்கிறது.

டொக்டர் விதானகேவுக்குத் தமிழ் வராது.
செவனம்மாவுக்குச் சிங்களம் சந்தை அளவு.
பிரஷர் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்,
மொழிபெயர்ப்பு சும்மா.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் நிற அட்டவணை:
பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு.
விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ
அதுதான் அடுத்த பத்து வருஷத்தின் சாத்தியம்.

வயது?
அடையாள அட்டையில் ஜனவரி ஒன்று.
எங்கள் லயத்தில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்தார்கள்.
"மண்சரிவு வந்த வருசம்னு அம்மா சொல்லும்."
எந்த மண்சரிவு?
ஒரு கட்டம் மேலே ஏறினால் செம்மஞ்சள்.

புகை?
"சீச்சீ."
வாய் சிவந்திருக்கிறது. வெற்றிலைக்குள் புகையிலை.
அட்டவணையில் அதற்கு இடமில்லை.
டொக்டர் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

நெஞ்சு எப்படி வலிக்கிறது, கேளுங்கள் என்றார்.
"வலியெல்லாம் இல்லீங்க. வாயு."

வாயு.
போன ஐப்பசியில் இதே நாற்காலியிலிருந்து
காத்தமுத்துவும் இதையேதான் சொன்னார்.
வெளியே எழுபது பேர் வரிசை.
நான் கேஸ்ட்ரைட்டிஸ் என்றேன்.
ஒரே சொல்.
வெள்ளை மருந்துப் போத்தலோடு இறங்கிப் போனவரை
மூன்றாம் நாள் கொழுந்து லொறியில் கொண்டு வந்தார்கள்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
துண்டில் என் கையெழுத்து இல்லை.

இன்றைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

எப்ப வரும் அக்கா?
"பதினோராம் நம்பர் மலை ஏத்தத்துல. கூட நெறஞ்சிருந்தா."
வெறுங்கையோட ஏறினா?
"வரும். கொஞ்சம் மேல போயி."
நின்னா?
"போயிரும்."
எவ்வளவு நேரத்துல?
"கங்காணி பாத்து ஏசுறதுக்குள்ள."
எப்படி இருக்கும்?

யோசித்தாள். கை தானாக உச்சந்தலைக்குப் போனது,
கயிறு பதிந்து மயிர் தேய்ந்த இடத்துக்கு.
"இந்தக் கூடைக்கவுறு நெஞ்சுக்கு எறங்கி
அங்கன வச்சுக் கொழுந்த நெறுத்துற மாதிரி.
பல்லுக்கும் வரும்.
அந்தப் பல்லப் போன மாசம் புடுங்கிட்டேன்.
பல்லு போச்சு, நோவு போகல."

எல்லாவற்றையும் சொன்னேன்.
கயிற்றை, கங்காணியை, பிடுங்கிய பல்லை.
என் சிங்களம் திக்கியது, பொறுத்துக்கொண்டார்.
பல்லுக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்தார்.

அட்டவணையின் மேல் ஃபைலை நகர்த்தி வைத்துவிட்டு,
இது நோவு வராதவர்களுக்கு, என்றார்.

ஈசிஜி எடுத்தோம்.
குளிர்ந்த பசையில் அவள் தோள் சிலிர்த்தது.
கோடு ஒழுங்காக வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி.
படுத்திருக்கும் நெஞ்சு எதையும் ஒத்துக்கொள்ளாது.
கண்டிக்கு எழுதினார்:
அங்கே ஓடும் பட்டியில் நடக்க விட்டு
சாய்வைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார்கள்.

"ஏத்தம் பாக்கக் கண்டிக்கா?
பதினோராம் நம்பருக்கு வரச் சொல்லுங்க அவங்கள."

சிரித்தாள். உடனே கணக்கும் பார்த்தாள்:
"இன்னைக்கு எனக்கு அரைப்பேர்தான்."

நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசையைக் காட்டினேன்.
வந்ததும் வை, உட்காரு, ஏறாதே. மூன்று தடவை சொன்னேன்.
பிறகு படிவம்.
முழுப் பெயர், என்று கேட்டேன்.
"எழுதுங்க. இங்கயாவது முழுப்பேரு விழட்டும்.
ராமையா செவனம்மா."

டொக்டர் அடியில் சிங்களத்தில் ஒரு சொல் எழுதி
இரண்டு தரம் கோடு இழுத்தார்.
அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.
"என்ன போட்டிருக்கு?"

வாயு இல்லன்னு போட்டிருக்கு, அக்கா.