இடைவேளைக்குப் பின்

சென்னையில் ஒட்டிய போஸ்டரில்
அந்த மலையாள நடிகர்
கதாநாயகனின் முழங்கைக்குக் கீழே
ஒரு தபால்தலை.
மனாமா வந்து இறங்கியபோது
மீசையே மூன்றடி.
ஹீரோ எங்கே என்று கேட்டேன்.
"பின்னாடி புகையில நிக்கிறான், நல்லாப் பாரு"
என்றார் மரைக்காயர்.

படத்தில் அவருக்குப் பதினோரு நிமிடம்.
கைக்கடிகாரத்தில் எண்ணினேன்.
வளைகுடா உரிமைக்குத் தந்த பணத்தில்
சரிபாதி
அந்தப் பதினோரு நிமிடத்தின் விலை.

வியாழன் இரவு குதைபியாவே திரண்டது.
கஃபத்தீரியாக்காரர்கள், டைப்பிங் சென்டர் பையன்கள்,
ஏதோ ஒரு சங்கம் தனி பஸ்ஸில்.
அவர் காரைவிட்டு இறங்கினார்: காகிதம் பறந்தது.
அவர் குண்டடிபட்டுச் சாய்ந்தார்:
பறந்த காகிதம் இன்னும் தரைக்கு வரவில்லை.
"இத்ரயே உள்ளோ?"
இருட்டில் ஒரு குரல்.
விடிவதற்குள் அதே கேள்வி
தீவின் எல்லாக் கைபேசிகளிலும்.

வெள்ளி, இரண்டு மணிக் காட்சி.
விற்றது ஆறு டிக்கெட்.
ரத்து செய்ய மரைக்காயருக்குப் போன் போடும்போது
நாற்பது பெண்கள் படியேறி வந்தார்கள்.
ஃபிலிப்பைன்ஸ் நர்சுகள்,
இரவு ட்யூட்டி முடித்துத் தூங்காத கண்கள்.
இது தமிழ்ப்படம் என்றேன்.
முன்னால் நின்றவள், மரிசெல் என்று பேட்ஜில் இருந்தது,
ட்ரெய்லரை ஒரு நொடியில் நிறுத்திக் காட்டினாள்.
ஹீரோவின் தங்கைக்கு ஊசி போடும் கை,
கைக்கு மேலே ஒரு முகம்.
"ரோவெனா. எங்க ஊர்."

ரோவெனாவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.
துபாய் ஷூட்டிங்கில் வரவேண்டியவள் வராமல் போக
ஹோட்டல் வரவேற்பில் நின்றவளைக்
கூட்டி வந்தான் ஓர் உதவி இயக்குநர்.
முந்நூறு திர்ஹம், ஒரு பிரியாணி.
தமிழில் ஒரே வசனம்.

"பயப்படாதீங்க" என்றாள் திரையில்,
ழகரமே இல்லாத சொல்லில் எங்கிருந்தோ ஒரு ழகரத்தோடு.
நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
யாரோ அழுதுகொண்டே படமெடுத்தாள்.
தடுக்க வேண்டியவன் நான்,
டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அடுத்த காட்சியில் வில்லன் ஆஸ்பத்திரிக்குத் தீ வைத்தான்.

இடைவேளையில் மரிசெல் வந்து கேட்டாள்:
"அவள் திரும்ப வருவாளா?"
நான்கு முறை பார்த்த படம்.
பாப்கார்ன் இயந்திரம் பொரிந்துகொண்டிருந்தது.
"வரலாம்" என்றேன்.

ஐம்பத்தெட்டு நிமிடம் காத்திருந்தார்கள்.
வெளியே வரும்போது யாரும் திட்டவில்லை.
மரிசெல் காலி டப்பாவை
என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்,
குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருந்தும்.

ஞாயிறு வடபழனியிலிருந்து போன்.
மதியக் காட்சி எப்படி நிறைந்தது என்று கேட்டார்கள்.
"மீசை" என்றார் மரைக்காயர்.
நான் ரிசீவரை வாங்கி உண்மையைச் சொன்னேன்.
கொஞ்சநேரம் மௌனம்.
பேனா மூடி திறக்கும் சத்தம்.

"சரி, அடுத்த படத்துல ஒரு பொண்ணைப் போட்டுடலாம்.
எத்தனை நிமிஷம் வேணும்?"