காலி எடை

பதினோரு வருடமாக மனிதர்களை
ஒரு கண்ணாடித் துளை வழியாகத்தான் பார்த்துவருகிறேன்.
ஆத்தூர் ரோட்டில் எடைமேடை.
மரவள்ளி லாரி ஏறும்,
சிவப்பு எண்கள் தடுமாறி நிற்கும்,
சீட்டில் கிறுக்கித் துளையில் நீட்டுவேன்.
ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும்.
நகம் வெட்டாத கை,
கிழங்கு மண் இன்னும் காயாத கை,
சுண்டுவிரல் இல்லாத ஒரு கை, வியாழக்கிழமைகளில்.
முகம் தேவைப்பட்டதில்லை.

இன்று துளை இல்லை.
ஐந்து ரோடு பக்கம் கல்யாண மண்டபம்.
கீழே புத்தகக் கண்காட்சி, மாடியில் யாருக்கோ வரவேற்பு.
மொய் எழுதும் மேசையை இழுத்துப் போட்டு
என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார் மாதேஸ்வரன்,
மாமனாரிடம் கடன் வாங்கி
என் கதைகளை நானூறு பிரதி அடித்தவர்.
"சிரிச்ச முகமா இருங்க, அது போதும்."
தலைக்கு மேலே ஃப்ளெக்ஸில்
ஜெயக்கொடி, ஜெயக்கோடி ஆகியிருந்தது.
ஒரு சுழி கூடியதில் நான் பணக்காரி.
திருத்தச் சொல்ல வாய் வரவில்லை.

முதல் ஒரு மணி நேரம்
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
ஒருவர் பாத்ரூம் எங்கே என்றார்.
ஒரு பையன் என் புத்தகத்தை எடுத்து
மோந்து பார்த்துவிட்டு வைத்தான்.

பிறகு வெள்ளை வேட்டி, மஞ்சள் பை.
நேராக வந்து ஐந்நூற்றொன்றை நீட்டினார்:
"நாழிக்கல்பட்டி செங்கோடன். எழுதிக்கம்மா."
அன்றைக்கு வேறு யாரும்
இவ்வளவு தெளிவாகப் பேர் சொல்லவில்லை.
எழுதியே விட்டேன், முதல் பக்கத்தில்,
ஊர், பேர், அன்புடன்,
கீழே லாரிச் சீட்டில் போடும் அதே கிறுக்கல்.
எனக்கு வேறு கையெழுத்து கிடையாது.
மாடியில் கீபோர்டு தொடங்கியதும்தான்
இருவருக்கும் விளங்கிற்று.
பணத்தை எடுத்துக்கொண்டார். புத்தகத்தையும்.
"தாம்பூலப் பையோட குடுக்கறதா?"
ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆறே காலுக்கு அவள் வந்தாள்.
இடுப்பில் கட்டிய ஸ்வெட்டர், மலைக்காரி.
கையில் என் புத்தகம், ஏற்கெனவே படித்தது,
முதுகு மடிந்து, நடுவில் பஸ் டிக்கெட் செருகி.
எதையோ சொன்னாள். கீபோர்டு விழுங்கியது.
எதையோ கேட்டேன். அதையும்.
குரலை உயர்த்தத் தெரியாத இரண்டு பேர்
ஒரு மேசைக்கு இருபுறமும்.

கைப்பையில் கிடந்த எடைச்சீட்டைத் திருப்பி
அவள் பக்கம் தள்ளினேன்.
எழுதினாள்: பிலோமினா. நாகலூர்.
யோசித்து, அதன் கீழே:
காலி எடை போடும்போது
அந்த டிரைவர் ஏன் இறங்கவே மாட்டேங்கறான்?

நான் எழுதினேன்:
தெரியாது. நானும் கேட்டதில்லை.

படித்துவிட்டுச் சிரித்தாள்,
சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.
கையெழுத்துப் போட்டேன். போய்விட்டாள்.

"எத்தனை போச்சு?" என்றார் மாதேஸ்வரன்.
செங்கோடனைச் சேர்க்கவா வேண்டாமா என்று தெரியாமல்
விரலில் ஏதோ காட்டினேன்.
ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டு என்னிடம் தங்கிவிட்டது.
ஏழு மணி பஸ் இந்நேரம்
நாலாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்.
வளைவில் படித்தால் தலை சுற்றாதா என்று
அவளைக் கேட்டிருக்கலாம்.